கைடு சார் படிக்காத அத்தியாயம்

முதல் நாள் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கைடு சார் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கட்டிலோரம் அதற்கான இயந்திரத்தின் இரைச்சல். என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "என்னைப் பாத்துக்க ஆள் கேட்டா, பாத்துக்க வேண்டிய ஆளையே கூட்டிட்டு வந்திருக்கே."

"உங்களைவிடப் பத்து வயசு சின்னவ நான். ஒருக்களிச்சுப் படுங்க, முதுகைப் பார்க்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்து, நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு உரிந்திருந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வருவதுதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் முதுகு போகிறது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற நோய் அவருக்கு. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துச் சிரமமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிரமமில்லாமல் பார்த்துக்கொள்வதற்கு என்னைப் போன்றவர்கள்.

மகளுக்கு ஐம்பது வயதிருக்கும். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கும் வேலை. வெயில் காலத்திலும் தோளில் ஒரு தடித்த ஜெர்கினோடுதான் கிளம்புவாள். விரல் நுனிகள் வெடித்திருக்கும். முதல் நாள் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"மாத்திரையெல்லாம் மேல் தட்டுல இருக்கு. குளியலறை வழுக்கும், பாத்துப் போங்க. அவர் பேசுவார்க்கா. நிறையப் பேசுவார். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருக்காதீங்க, உங்க வேலை கெட்டுடும்."

"நீ பேசுவியா அவர்கிட்ட?"

"வேணுங்கறதைப் பேசுவேன்."

உண்மைதான். வாயைத் திறங்க, கையைத் தூக்குங்க, சூடு போதுமா. இவ்வளவுதான் அவள் பேச்சு. ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. துணி மாற்றுவாள், நகம் வெட்டுவாள், மூத்திரப் புட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். கிடங்கில் பெட்டி அடுக்குகிற மாதிரி ஒழுங்காகச் செய்வாள். அப்பாவைத் தொடும்போது முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வாள்.

அவருக்கு ஏன் கைடு சார் என்று பெயர் என்பதை அவரே சொன்னார். பகலில் டுடோரியல் காலேஜில் பாடம், மற்ற நேரமெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு கைடு எழுதும் வேலை. இலக்கியம், வரலாறு, குடிமையியல், ஒரு வருஷம் ஆள் கிடைக்காமல் விலங்கியல்கூட. புத்தக அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர்கள் குழு' என்று போட்டிருக்கும்.

"குழுன்னா எத்தனை பேர் சார்?"

"நான்தான். காலையில ஒருத்தன், சாயங்காலம் ஒருத்தன்."

மனிதர்களைக்கூட அவர் பாயிண்ட் போட்டுத்தான் பார்ப்பார். நான் வந்த இரண்டாம் வாரமே எனக்கும் பாத்திரப் படைப்பு எழுதிவிட்டார். "முன்னுரை: சிஸ்டர் வருகை. ஒன்று, கண்டிப்பு. ரெண்டு, சோப்பு வாசனை. மூணு, நோயாளியைப் பேசவிடாமை. முடிவுரை: இவரால் நோய் குணமாகாவிட்டாலும் பயந்து ஓடும்."

"நான் சிஸ்டர் இல்லை, ஆயா இல்லை. பராமரிப்புப் பயிற்சி முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்கினவ. வாயைத் திறங்க."

"நாலு, தற்பெருமை," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

கட்டிலுக்கு எதிரே சுவர் முழுக்க ஓர் அலமாரி. அதில் அவர் எழுதிய கைடுகள் வரிசையாக நின்றன. மெலிந்த முதுகுகள், வெளுத்துப்போன அட்டைகள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த விஷயத்தையும் அவர் மறைக்கவில்லை. கோபக்காரியைப் பெற்றதைப் பற்றிப் புகார் சொல்லுகிறவர் மாதிரித்தான் சொன்னார்.

மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய நாவல் பாடத்தில் இருந்தது. பெரிய பெயர் வாங்கிய நாவல். ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு மதகு திறந்து மூடும் வேலைக்காக எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். அவன் யாரோடும் பேசுவதில்லை. சாயங்காலமானால் கரையில் தனியாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஊருக்கு அவன்மேல் சந்தேகம். மாடு செத்தாலும் அவன்தான், கிணறு வற்றினாலும் அவன்தான். பெருமழைக் காலத்தில் வெள்ளம் ஏறும்போது, அவன் ஏதோ செய்துவிட்டான் என்று கம்போடு திரண்டு வருகிறார்கள். அவன் அறையைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் பாலத்தின்மேல் நடக்கிறான்.

கைடு சார் வைத்திருந்த பிரதி அதோடு முடிந்துவிட்டது. பதிப்பகத்தார் நடைபாதைக் கடையில் வாங்கிக் கொடுத்த பிரதி அது. பைண்டிங் செய்தவன் கடைசித் தாள்கட்டைச் சேர்க்காமல் அட்டை போட்டுவிட்டான். பக்கத்தின் கடைசி வரியில் முற்றுப்புள்ளியும் இருந்ததால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் இவர். ஒரு வாரத்தில் கைடு அச்சுக்குப் போகவேண்டும். மதகுக்காரனின் பாத்திரப் படைப்பில் ஐந்து பாயிண்ட் எழுதினார். அன்பற்ற மனம், ஊரோடு ஒட்டாமை, பழிவாங்கும் மௌனம், பொறுப்பைத் துறத்தல், கடைசியாகத் தப்பியோட்டம்.

பிள்ளைகள் அதைப் படித்து அப்படியே எழுதினார்கள். வாத்தியார்களும் கைடைப் பார்த்துத்தான் நடத்தினார்கள். விடை திருத்துகிறவர்கள் ஐந்து பாயிண்ட் இருக்கிறதா என்று எண்ணி மார்க் போட்டார்கள். நாவல் கடையில் கிடைக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை.

அவர் மகள் தேடினாள். அவளுக்கும் அந்த வருஷம் அதே பாடம். நூலகத்திலிருந்து முழுப் பிரதி எடுத்து வந்து படித்துவிட்டு, "அப்பா, உங்க புத்தகத்துல கடைசி அத்தியாயமே இல்ல. அவன் ஓடலப்பா," என்றாள்.

"கைடு கடைக்குப் போயாச்சு சிஸ்டர். என்ன பண்ணச் சொல்றீங்க? கடை கடையா ஏறி, ஐயா, அவன் ஓடல, அவன் ஓடலன்னு கத்தவா? நான் அவளுக்கு ஒண்ணுதான் சொன்னேன். பரீட்சையில கைடுல இருக்கறதை எழுது, வீட்டுல உன் இஷ்டத்துக்கு நினைச்சுக்கோ. கேட்டாளா?"

கேட்கவில்லை. நாவலில் இருந்ததை எழுதினாள். அந்தக் கேள்விக்கு மார்க்கே விழவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவேண்டியவள், கொஞ்ச மார்க்கில் வெளியே நின்றாள். மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்கலாம், பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இந்த விடை சரிதான் என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். வீட்டிலேயே ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் போடவில்லை. பதிப்பகம் விரட்டிவிடும், டுடோரியலில் சிரிப்பார்கள் என்று பயம்.

"கத்துவான்னு பாத்தேன். கத்தல. அந்த மாசமே கிடங்குல வேலைக்குச் சேந்துட்டா. பிடிவாதம். அவ அம்மா வழி."

நான் அவர் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் பேசினால் கை அழுந்திவிடும்.

மழை விட்ட ஒரு மாதத்தில் பதிப்பகத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். பழைய முதலாளியின் மகன். உள்ளே வரும்போதே "மேட்டர் ரெடியா சார்?" என்று கேட்கிற பழக்கம், அதனால் சார் அவருக்கு வைத்திருந்த பெயர் மேட்டர். அன்று மகளுக்கு விடுமுறை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், நம்ம மதகுக்காரன் திரும்ப வந்துட்டான். அடுத்த வருஷம் பாடத்துல சேத்துட்டாங்க. நாவலும் புதுசா போட்டிருக்காங்க, இந்தாங்க ஒரு காப்பி. நம்ம கைடை அப்படியே அடிச்சிடலாம்னு இருக்கேன். உங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காம செய்யக்கூடாதில்ல?"

கத்திச் சத்தம் நின்றது. மகள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"கடைசி அத்தியாயத்தையும் சேத்துக்கிட்டா, இல்ல அது இல்லாமலா?"

மேட்டர் சிரித்தார். "அக்கா இன்னும் மறக்கலையா? பசங்க யாரு நாவலைப் படிக்கறாங்க இப்ப? போன்ல பாயிண்டை மட்டும் அனுப்புன்னு கேக்கறாங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிப் பார்த்தது அன்றுதான். சார் போர்வை ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் மேட்டரிடம்.

மறுநாள் மத்தியானம் மூச்சுக்கு மருந்துப் புகை விடும் முகமூடியை மாட்டிவிட்டு நான் உட்கார்ந்தபோது, அந்தப் புதுப் பிரதியை என் பக்கம் தள்ளினார். "கடைசி அத்தியாயத்தைப் படிங்க. என்னால எழுத்து பிடிக்க முடியல."

"இத்தனை வருஷமாப் படிக்கலையா நீங்க?"

"எதுக்கு? அவ சொன்னா போதாதா? அவ பொய் சொல்ல மாட்டா." முகமூடிக்குள்ளிருந்து குரல் அடைத்து வந்தது. "படிச்சிட்டா, அப்புறம் தெரியாதுன்னு சொல்ல முடியாதில்ல?"

படித்தேன். பாதிப் பாலத்தில் மதகுக்காரன் நிற்கிறான். கீழே தண்ணீரின் சத்தம் மாறியிருக்கிறது. மதகின் சங்கிலி சிக்கிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குப் புரிகிறது. பையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புகிறான். கம்போடு வந்தவர்கள் பூட்டிய அறையை உடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் மதகுச் சக்கரத்தைத் தனியாகப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறான். விடிந்து வந்து பார்க்கும்போது மதகு திறந்திருக்கிறது. அவன் சக்கரத்தின்மேல் கவிழ்ந்து கிடக்கிறான். விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான். அழுகை, பேச்சு எதுவும் இல்லை.

சார் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"வேண்டாத அத்தியாயம்," என்றார். "பாலத்தோட விட்டிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். எழுதினவனுக்கு நிறுத்தத் தெரியல."

"சரி," என்று புத்தகத்தை மூடினேன்.

அடுத்த நாள் மறுபடி படிக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும். சூப்பை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் யோசித்துக்கொண்டிருப்பார், நான் தாடையைத் தட்டவேண்டும். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கேட்டார்.

"சிஸ்டர், அவன் ஏன் திரும்பினான்?"

"மாத்துறதுக்கு ஆள் வரல. ட்யூட்டியைப் பாதியில விட முடியுமா? நானா இருந்தாலும் திரும்பியிருப்பேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தாங்கிப் பிடிக்கவேண்டியதாயிற்று. அடங்கின பிறகு பேசினார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்செடுத்தார்.

"அது உங்க பாயிண்ட். மார்க் உண்டு. ஆனா அது மட்டுமில்ல. அந்த ஊரு மேல அவனுக்குப் பாசமெல்லாம் கிடையாது. பாசம்னு எழுதினா தப்பு. அவன் போயிட்டா, அவங்க அவனைப் பத்திச் சொன்னதெல்லாம் நிஜமாயிடும். வெளியாள், நெஞ்சுல ஈரமில்லாதவன், ஓடிட்டான். அவனுக்காக அவங்க முன்னாடியே எழுதி வெச்ச முடிவு அது. அதைத்தான் அவன் ஏத்துக்கல. பேசாதவன் அவன். பேசாமலே இல்லைன்னு சொல்லிட்டான்." எதிரே இருந்த அலமாரியைக் கையால் காட்டினார். "அவனைத்தான் நான் தப்பியோட்டம்னு எழுதி, கீழே கோடும் போட்டேன்."

எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் விளங்கியது. ஆனால் பாயிண்ட் எண் போடாமல் அவர் பேசிக் கேட்டது அன்றுதான்.

"என் பொண்ணு இதைத்தான் எழுதினா. கிட்டத்தட்ட இதே வார்த்தை. வீட்டுக்கு வந்து சொல்லிக்காட்டினா."

"அப்ப அவகிட்ட சொல்லுங்க."

"சொல்லணும்."

"எப்ப? உங்க உதடு நீலமாயிட்டு வருது. நாள் நிறைய இல்ல."

இப்படிச் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் என்னை முறைத்தார், பிறகு தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் மகள் வந்து கை கால் கழுவி, சூப் கிண்ணத்தோடு கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் கரண்டியைக் கையால் தடுத்தார்.

"நீ எழுதினது சரிம்மா. நான் எழுதினது தப்பு."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்பா. எனக்கு எப்பவுமே தெரியும். இதை என்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அன்னிக்கு யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லல. இப்பவாவது சொல்லுங்க. அவர் அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"போன் போடு," என்றார்.

அவளே போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, அவர் நெஞ்சருகே பிடித்தாள். அவள் கை ஆடியதை நான் பார்த்தேன்.

"மேட்டர், அந்தப் பாத்திரப் படைப்பு தப்பு. முழுசா மாத்தணும். நான் சொல்லச் சொல்ல ஆளை விட்டு எழுதிக்கோ."

மேட்டரின் குரல் தணிந்தது. "சார், உடம்பு முடியாத நேரத்துல இதெல்லாம் எதுக்கு? திருத்தறவங்க மேஜையில இருக்கறதும் நம்ம கைடுதானே. புதுசா எழுதினா பசங்களுக்குத்தான் மார்க் போகும்."

"அவங்களும் புதுசை வாங்கட்டும்."

"சரி சார், மாத்தறோம்னே வெச்சுக்குவோம். இத்தனை வருஷம் தப்பா போட்டோம்னு நாமளே சொன்ன மாதிரி ஆகுமே. அப்புறம் உங்க மத்த கைடையெல்லாம் எவன் நம்புவான்? எதுல எது தப்போன்னு ஒண்ணொண்ணாத் தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க சார். உங்க உழைப்பு முழுக்கக் குப்பைக்குப் போயிடும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

சார் எதிரே இருந்த அலமாரியைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை கண் போயிற்று. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும், ஆனாலும் போனை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இப்போதைக்கு..." மூச்சை இழுத்தார். "இப்போதைக்குப் பழசே இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

அவள் போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் மூக்கிலிருந்து நழுவியிருந்த குழாயைச் சரிசெய்தாள். கிண்ணத்தை எடுத்தாள்.

"ஆறிடும். வாயைத் திறங்க."

அவர் திறந்தார்.

அதற்குப் பிறகு கைடு சார் அதிகம் பேசவில்லை. அலமாரியைப் பார்க்காமல் பக்கத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி இருப்பார். வந்தவர்கள், பாவம், ஏதோ பெரிய சிந்தனையில் இருக்கிறார் என்று சொல்லிப்போனார்கள். ஒரு தடவை மட்டும் என்னிடம் கேட்டார்.

"கோவமா இருக்காளா?"

"கோவம்னா கை நடுங்கும். இப்ப நடுங்கல."

"அப்ப என்னவா இருக்கா?"

"உங்க பொண்ணு. நீங்கதான் சொல்லணும்."

அவருக்குப் பாயிண்ட் எதுவும் வரவில்லை.

ஒரு காலை நான் போனபோது மூச்சின் போக்கு மாறியிருந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன், முழங்காலில் ஊதாத் திட்டுகள். மகள் ஜெர்கினை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். "இன்னிக்கு வேலைக்குப் போகாதே," என்றேன். ஏன் என்று கேட்காமல் ஜெர்கினைக் கழற்றினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார். மூக்குக் குழாயை விரலால் தள்ளினார்.

"நாளைக்கு... போன் பண்ணி... மாத்தச் சொல்லிடறேன்."

"சரிப்பா. பண்ணலாம்."

குழாயைத் திரும்ப வைத்தாள். அவர் அவள் முகத்தைத் தேடினார். அன்று அவள் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் அதில் அவருக்கு வேண்டியது இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு முன்னாலேயே மூச்சு நின்றது. நாடி பார்த்தேன். இயந்திரத்தை நான்தான் நிறுத்தினேன். அந்த இரைச்சல் நின்றதும் அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, உடம்பைச் சுத்தம் செய்ய வெந்நீர் வைத்தேன். சொந்தக்காரர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை, வெளியே போய் நின்றுகொள்வார்கள். அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். முகம் துடைத்தோம். கழுத்து, கை, விரல்கள். பேனா பிடித்த விரலில் பழைய காய்ப்பு ஒன்று இருந்தது, அதை அவள் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா போன் பண்ணியிருப்பாரா?"

இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் கேட்பதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. வலி தெரியாமல் போனார், உங்கள் பெயரைச் சொன்னார், எல்லாம் சொல்வேன். அவள் அதையெல்லாம் கேட்கிறவளாகத் தெரியவில்லை.

"மாட்டார்," என்றேன்.

"மாட்டார்." தலையை ஆட்டிக்கொண்டாள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

"உங்க பக்கம் இழுத்துப் பிடிங்கக்கா. முதுகு இன்னும் துடைக்கல."